அரை பேர்

ஒரு மனிதருக்கு வேலையில் இருந்த நிறைவை நான் அழித்தேன். தெரியாமல் செய்யவில்லை. தெரிந்தே செய்தேன். அதன் பிறகு நடந்தவற்றில் ஒரு பெண்ணின் கால் போனது. லயத்துக்குப் பின்னால் மண் சரிந்தது. தோட்டத்தில் யாரும் யாருக்கும் எதையும் சொல்லாத காலம் ஒன்று தொடங்கியது. இதைப் படிப்பவர்கள் என்னைப் பற்றி எந்தத் தீர்ப்பும் சொல்லலாம். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

கொஸ்லந்தைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் நீண்ட காலம் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தேன். சனங்கள் கணக்கப்பிள்ளை என்பார்கள். நேரில் ஐயா என்பார்கள். தோட்டத்தின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் பழியில் பாதி அங்கே போய்விடும். செய்தது நான்.

பெரகலையிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் வீதியில் வருகிறவர்கள் தியலும நீர்வீழ்ச்சியில் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பார்கள். 220 மீட்டர் உயரம். அந்தத் தண்ணீர் பூனாகலை ஓயாவினுடையது. மேலே தேயிலை மலைகளுக்குள்ளால் வருவது. மேலே இருக்கிற எங்களுக்குத் தண்ணீர் என்றால் பார்த்து ரசிக்கிற சங்கதி அல்ல. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அது எந்த வழியாக இறங்குகிறது என்பதுதான் கவலை. அந்த வழியை அமைப்பது கான்.

கான் வெட்டுவதை மண்வெட்டி பிடிக்கத் தெரிந்த எவரும் செய்யலாம் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. சரிவுக்குக் குறுக்கே, மிக மெல்லிய வாட்டத்தோடு கான் போக வேண்டும். வாட்டம் கூடினால் தண்ணீர் வேகம் பிடித்து மண்ணை அறுக்கும். குறைந்தால் தேங்கி நின்று நிலத்துக்குள் இறங்கும். உள்ளே இறங்கிய தண்ணீர்தான் மலையைத் தளர்த்துவது. கானுக்குள் இடைக்கிடை குழி வேண்டும். குழிக்கும் குழிக்கும் நடுவே தாழ்ந்த வரம்பு வேண்டும். ஓடிவரும் மண் குழியில் தங்கும், தண்ணீர் வரம்பைத் தாண்டிப் போய்ப் பெரிய கானில் விழும். குழியில் தங்கிய மண்ணை மறுபடி அள்ளித் தேயிலை அடியில் போட வேண்டும். இதை ஒழுங்காகச் செய்தால் யாருக்கும் தெரியாது. செய்யாமல் விட்டால் பல வருடங்களுக்குப் பிறகே தெரியும்.

எங்கள் டிவிஷனில் இந்த வேலையை ஒருவர் செய்து வந்தார். என் தகப்பனார் வயது. அவருடைய தகப்பனும் கான் வெட்டியவர். மழை தொடங்கினால் மற்றவர்கள் மலையிலிருந்து இறங்குவார்கள், இவர் ஏறுவார். கையில் காய்ந்த தேயிலைச் சருகு கொஞ்சம் இருக்கும். கானின் தலைப்பில் சருகைப் போட்டுவிட்டு அதோடு கூடவே நடப்பார். சருகு எங்கே தயங்குகிறதோ அங்கே குந்துவார். விரலை விட்டு அடியைத் தடவுவார். மண்வெட்டியின் முனையால் இரண்டு கீறு. சருகு நகரும். அவர் முகத்தில் அப்போது ஒன்று தெரியும். அதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். காலையில் வேலைக்கு ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் பேர் கொடுக்கிறபோது எவருடைய முகத்திலும் அது தெரிந்ததில்லை.

அவருக்கு வேலை மேல் அந்தப் பிடிப்பு சும்மா வரவில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தைப் பக்கத்து மீரியபெத்தத் தோட்டத்தில் மலை இறங்கியது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம். லயத்து வீடுகள் அப்படியே மண்ணுக்குள் போயின. 37 பேர் என்று அரசாங்கம் கணக்குச் சொன்னது. பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. சொன்னது சனத்தின் காதுக்குப் போனதா, போனாலும் சொந்தமாக ஒரு துண்டு காணி இல்லாதவர்கள் எங்கே போவார்கள் என்பதெல்லாம் பிறகு பேசப்பட்டன. மிஞ்சியவர்கள் மாக்கல்தெனிய தேயிலை ஸ்டோரில் இரண்டு வருடம் அகதியாகக் கிடந்தார்கள். 2016இல்தான் வீடு கிடைத்தது. மலை இறங்கிய அன்றைக்குச் சுற்றுத் தோட்டங்களிலிருந்து மண்வெட்டியோடு ஓடியவர்களில் எங்கள் கான்காரரும் ஒருவர். சேறு காயாத உடுப்போடு திரும்பி வந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கானையும் அவர் வேறு கண்ணால் பார்த்தார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் செய்தது மீரியபெத்தவுக்குப் பிறகு. எனக்கு எல்லாம் தெரிந்த பிறகு.

காரணத்தைச் சொல்கிறேன். வெளியே நான் சொல்லிவந்த காரணம் வேறு. ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் கூலிக்கு, இத்தனை மீட்டர் கான் என்று கணக்கு இருக்கிறது, அவர் அதை முடிப்பதில்லை, சட்டம் எல்லோருக்கும் ஒன்று. கேட்டவர்களிடம் இப்படிச் சொன்னேன். என் மனைவியிடமும் இப்படித்தான் சொன்னேன். அது பொய். ஒருநாள் பெரிய துரை மலைக்கு வந்தார். பள்ளமான ஓரிடத்தில் தேயிலை மஞ்சளடித்து நின்றது. ஏன் என்று என்னிடம் கேட்டார். உரம் போதவில்லை என்றேன். பக்கத்தில் நின்ற கான்காரர் மெதுவாக, "இல்லீங்க தொர, மேல கானு தப்பா போயிருக்கு, வேரு தண்ணியில நிக்குது" என்றார். துரை இறங்கிப் போய்ப் பார்த்தார். அவர் சொன்னது சரி. துரை அவருடைய தோளில் தட்டினார். அத்தனை பேர் முன்னால். என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் எனக்கு உறுத்தியது.

படித்தவன் நான். உத்தியோகத்தன் நான். லயத்தில் பிறந்து, ஓ.எல். பாஸ் பண்ணி, சப்பாத்துப் போட்டு ஸ்டாப் குவாட்டஸுக்கு வந்தவன். மண்வெட்டிக்காரர் ஒருவருக்கு என்னைவிட மலை தெரியும் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. பொறாமை. வேறு பெயர் அதற்கு இல்லை.

அடுத்த வாரம் அவர் வேலையை அளந்தேன். கணக்குக்குக் குறைவு. குறையும் என்று தெரிந்துதான் அளந்தேன். அவர் வெட்டியதைவிடத் திருத்தியது அதிகம். திருத்துவதற்கு மீட்டர் கணக்கு இல்லை. மறுநாள் காலை பெரட்டுக்களத்தில், எல்லோரும் நிற்க, "ஒனக்கு நேத்து அரை பேரு" என்றேன். ஒருமையில் சொன்னேன். அந்த வயதுக்காரரை அதுவரை நான் ஒருமையில் கூப்பிட்டதில்லை.

அவர் கோபப்படவில்லை. "ஐயா, கானு நீளமா இருந்தா மட்டும் போதுமா? தண்ணி ஓட வேணாமா?" என்றார்.

"தண்ணியப் பத்தி நீ எனக்குப் படிச்சுக் குடுக்க வேணாம். பேருக்குள்ள வேலைய செஞ்சிட்டுப் போ."

ஒரு பெண் சிரித்தாள். பயத்தில் சிரித்தாள் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது அது எனக்குக் கிடைத்த கைதட்டல் மாதிரி இருந்தது. அவர் தலையைக் குனிந்தார். நான் வெற்றி பெற்றதாக உணர்ந்தேன். அந்த உணர்வை நான் மறைக்கக் கூடாது. எனக்கு அன்றைக்கு நன்றாக இருந்தது. காலைத் தேத்தண்ணி ருசியாக இருந்தது.

அதோடு நிற்கவில்லை. அவரைக் கான் வேலையிலிருந்து எடுத்து மருந்தடிக்கப் போட்டேன். கான்களைக் கொந்தரப்புக்குக் கொடுத்தேன். வெளியாட்கள் வந்து மீட்டருக்கு மீட்டர் வெட்டி, அளந்து, காசை வாங்கிக்கொண்டு போனார்கள். குழி இல்லை. வரம்பு இல்லை. நீளம் இருந்தது. செக்ரோல் பதிவேட்டில் எல்லாம் சரியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா வந்து மேல் மலைக் கானைப் பார்க்கட்டுமா என்று ஒரு தடவை கேட்டார். சம்பளம் கேட்கவில்லை. வேண்டாம் என்றேன். வேலை இல்லாத நாளில் மலையில் என்ன வேலை என்றேன்.

ஒருவர் கூலி வாங்காமல் வேலை செய்ய அனுமதி கேட்கிறார். அதை மறுக்கிற முதலாளி உலகத்தில் இருப்பாரா? நான் முதலாளிகூட இல்லை. முதலாளிக்குக் கிடைக்க இருந்ததை மறுத்தேன்.

சில வருடம் போனது. ஐப்பசி மழை. இரண்டு நாள் விடாமல் பெய்தது. மாலையில் அவர் ஆபீஸ் வாசலுக்கு வந்தார். பொலித்தீன் தாளைத் தலையில் போட்டிருந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை நான். "ஐயா, மேல பெரிய கானு ஒடைஞ்சு கெடக்கு. தண்ணி பாதை மாறி லயத்துக்கு மேல எறங்குது. ரெண்டு ஆளக் குடுங்க, விடிய நேரத்தோட சரி பண்ணிடலாம்."

நான் கணக்குப் புத்தகத்தை மூடவில்லை. நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. "ஒன்ன யாரு கானு பாக்கச் சொன்னது?" என்றேன்.

கொஞ்ச நேரம் நின்றார். போய்விட்டார்.

மேசையில் குறிப்புப் புத்தகம் இருந்தது. பேனையும் கையில் இருந்தது. ஒரு வரி எழுதியிருக்கலாம். சின்னத் துரைக்குப் போன் பண்ணியிருக்கலாம். லயத்தில் உள்ளவர்களை அன்று இரவு மட்டும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லியிருக்கலாம். அதில் எதற்கும் காசு செலவாகாது. செய்யவில்லை. அவர் சொன்னதை நான் நம்பாமல் இல்லை. நம்பினேன். அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். மறுபடியும் அவர் சரியாக இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவ்வளவுதான்.

நள்ளிரவு தாண்டி லயத்தின் பின்பக்கத்து மண் வந்தது. கடைசிக் காம்பராவின் சுவர் உள்ளே விழுந்தது. அங்கே படுத்திருந்த பெண்ணின் இடது கால் சுவருக்கு அடியில். மண்ணை அள்ளி அவளை வெளியே எடுத்தவர்களில் முதல் ஆள் கான்காரர். நான் டோர்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இருந்தது என்று எழுதினால் எனக்கு இலகு. இருக்கவில்லை. "ஐயா, வெளிச்சத்த இங்குட்டு காட்டுங்க" என்றார்.

கால் எடுபட்டது. நல்ல கொழுந்துக்காரி அவள். இரண்டு பிள்ளைகள். அதன் பிறகு மலை ஏறவில்லை. வேலை நேரத்தில் நடக்காத விபத்து என்பதால் நட்டஈடு என்று ஒன்றும் கிடைக்கவில்லை. தோட்டம் கொஞ்சம் காசு உதவி செய்தது. அறிக்கை எழுதியது நான். காரணம் என்ற இடத்தில் "அதிக மழைவீழ்ச்சி" என்று எழுதினேன். முந்தின நாள் மாலை ஒருவர் வந்து சொன்னதை எழுதவில்லை.

கானைச் சரி செய்திருந்தால் மண் வந்திருக்காது என்று அடித்துச் சொல்ல எவராலும் முடியாது. மலை அது. ஆனால் சொல்லப்பட்டது. கேட்டவன் நான். அதில் சந்தேகம் இல்லை.

இனித் தோட்டத்துக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். நிர்வாகத்தில் இருக்கிறவர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன், ஏனென்றால் இது உங்கள் நட்டக் கணக்கில் வராத நட்டம்.

அரை பேர் கொடுத்த அந்தக் காலையிலிருந்து எனக்கு யாரும் எதுவும் சொல்வதை நிறுத்தினார்கள். முதலில் நான் அதைக் கவனிக்கவில்லை. டிவிஷன் அமைதியாக இருக்கிறது என்று நினைத்தேன். துரையிடமும் அப்படிச் சொன்னேன். கொப்புளநோய் ஒரு மலையில் தொடங்கியபோது கொழுந்து எடுக்கிறவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவந்தபோது மலை முழுக்கப் பரவியிருந்தது. கவ்வாத்து வெட்டியவர்கள் மழுங்கின கத்தியால் கிளையைக் கிழித்துக்கொண்டு போனார்கள். முன்பெல்லாம் கத்தி தீட்ட வேண்டும் என்று அவர்களே நிறுத்துவார்கள். குளவிக்கூடு இருந்த மரத்தைக்கூட ஒருவரும் காட்டவில்லை. குளவி கொட்டிப் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. தங்கள் உயிருக்கு ஆபத்தானதைக்கூட எனக்குச் சொல்ல அவர்கள் விரும்பவில்லை. அந்த அளவுக்கு நான் செய்திருந்தேன்.

மேலும் ஒன்று. ஆடி, ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும்போது ஊவாத் தேயிலைக்கு ஒரு வாசம் வரும். உலகம் முழுக்க அதற்கென்று வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் கொழும்பு ஏலத்தில் எங்கள் தேயிலைக்கு விழுந்த விலை தாளில் அச்சாகி என் மேசைக்கு வரும். நல்ல விலை வந்த வாரங்கள் இருந்தன. அந்தக் கொழுந்தை எடுத்த பெண்களிடம் ஒருநாளாவது "ஒங்க கொழுந்துக்கு இந்த விலை" என்று சொன்னேனா? இல்லை. சொன்னால் சம்பளம் கூடக் கேட்பார்கள் என்று பயம். அவர்கள் வாழ்நாள் முழுக்க எடுத்த கொழுந்து எங்கே போனது, நன்றாக இருந்ததா என்று தெரியாமலே பென்ஷன் வயதுக்கு வந்தார்கள்.

ஒரு பயிற்சி வகுப்புக்கு என்னை அனுப்பினார்கள். அங்கே ஹெர்ஸ்பேர்க் என்ற அமெரிக்கரைப் பற்றிச் சொல்லித் தந்தார்கள். 1959இல் அவர் புத்தகம் வந்தது. பொறியியலாளர்களிடமும் கணக்காளர்களிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுப் போனார்: வேலையில் எப்போது உங்களுக்கு நன்றாக இருந்தது, எப்போது மோசமாக இருந்தது? சம்பளம் குறைந்தால், மேலாள் மோசமாக நடந்தால் மனிதர் வெறுப்படைகிறார். ஆனால் வேலையில் நிறைவு வருவது வேறு இடத்திலிருந்து. ஒன்றை நன்றாகச் செய்து முடித்ததிலிருந்து, அதை மற்றவர் கண்டுகொண்டதிலிருந்து, வேலையிலிருந்தே. பரீட்சையில் இதை விளக்கமாக எழுதினேன். பாஸ் பண்ணினேன். அந்த விடைத்தாளை எழுதியபோது கான்காரர் மருந்து டாங்கியை முதுகில் சுமந்துகொண்டு மலையில் நின்றார். அவர் முகம் ஒரு தரம்கூட என் நினைவுக்கு வரவில்லை.

யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மரியாதை கொடுத்தால் போதும், சம்பளம் கூட்டத் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. 2021இல் சம்பள நிர்ணய சபை மூலம் நாள் கூலி 1000 ரூபாய் என்று வந்தபோது, பல இடங்களில் கிலோக் கணக்கைக் கூட்டினோம். கணக்குக்கு வராதவர்களுக்கு அரை பேர் போட்டோம். கூட்டின சம்பளத்தை இந்தக் கையால் கொடுத்து அந்தக் கையால் எடுத்தோம். அதையும் நான்தான் செக்ரோலில் எழுதினேன். வயிறு காய்கிறவரிடம் போய் வேலையில் நிறைவு காணுங்கள் என்று சொல்வது பாவம். என் குற்றம் அதற்கும் மேலே ஒன்று. குறைந்த கூலிக்கும் ஒருவர் வேலையை நேசித்தார். அந்த நேசத்துக்கும் நான் பாதிதான் பேர் போட்டேன்.

கான்காரரின் மகன் கெட்டிக்காரப் பொடியன். சின்னதிலிருந்தே அப்பாவோடு சருகு போட்டு விளையாடினவன். மழையில் நிலத்தைப் பார்த்துத் தண்ணீர் எங்கே நிற்கும் என்று சொல்லுவான். இப்போது கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் இருக்கிறான். போவதற்கு முன் என்னிடம் சேவைக் கடிதம் எழுதி வாங்க வந்தான். ஏன் போகிறாய் என்று கேட்டேன். "அப்பா நின்ன எடத்துல நானும் நிக்கணுமா ஐயா?" என்றான். பெரட்டுக்களத்தில் அன்றைக்கு அவனும் நின்றிருக்கிறான். நான் பார்க்கவில்லை.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குக் கைமாறியபோது மூன்று லட்சத்துக்கு மேல் தொழிலாளர்கள் இருந்தார்கள். இன்றைக்கு அதில் பாதியும் இல்லை. இன்றைக்கு இலங்கைத் தேயிலையில் பெரும்பகுதி சிறு தோட்டக்காரர்களிடமிருந்து வருகிறது. தங்கள் செடியைத் தாங்களே பார்க்கிறவர்கள். இதைப் பற்றிக் கூட்டங்களில் பேச்சு வரும்போது நானும் எழுந்து, "இந்தக் காலத்துப் பொடியன்களுக்கு மலை வேலை புடிக்கிறதில்ல சேர்" என்று சொல்லியிருக்கிறேன். தலையாட்டுவார்கள். எழுதிக்கொள்வார்கள். அந்தப் பொடியனுக்கு மலை பிடித்திருந்தது. பிடித்ததை விட்டு ஓட வைத்தவன் அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று காரணம் சொன்னான்.

2025 நவம்பரில் டித்வா புயல் வந்து பதுளை மாவட்டம் எங்கும் மண் சரிந்தபோது நான் ஓய்வுபெற்று வீட்டில் இருந்தேன். ரேடியோவில் ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. அந்தந்த இடத்திலும் மேலே ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்ன ஒருவர் இருந்திருப்பாரா, அவரை வாசலில் நிற்க வைத்த என்னைப்போல ஒருவர் இருந்திருப்பாரா என்று கேட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் கான்காரர் வீட்டுக்குப் போனேன். அதுவரை போகாமல் இருந்ததற்கும் காரணம் பயம்தான்.

இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். எழும்பப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லி நான் படியில் உட்கார்ந்தேன். அரை பேர் கொடுத்ததையும், அன்று மாலை எழுதாமல் விட்டதையும், அறிக்கையில் மறைத்ததையும், காரணம் என் பொறாமை என்பதையும் சொன்னேன். முதல் தடவையாக "நீங்க" என்றேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. முந்தி நான் மரியாதையாகத்தான் கூப்பிட்டேன், இடையில் நிறுத்தினேன், அன்றைக்குத் திரும்பவும் தொடங்கினேன். அதுதான் சரியான கணக்கு.

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எனக்குச் சொல்லி என்னங்க செய்யிறது? அந்தப் புள்ளைக்கு எழுதிக் குடுங்க" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். மழை விடாமல் பெய்த இரண்டாம் நாள் மாலை, உடைந்த கானைப் பற்றி எனக்குச் சொல்லப்பட்டது என்றும், நான் எதுவும் செய்யவில்லை என்றும், அறிக்கையில் அதை விட்டுவிட்டேன் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, சமாதான நீதவான் ஒருவரிடம் உறுதிப்படுத்தி, கால் இழந்த அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். அவளுக்கு வாசிக்கச் சிரமம் என்பதால் மகள் வாசித்தாள். வாசித்து முடித்ததும் அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி, "இத வச்சு எதாவது கெடைக்குங்களா?" தெரியாது என்றேன். சட்டத்தரணி ஒருவரிடம் கூட்டிப் போயிருக்கிறேன். அவர் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். பிரதி ஒன்றைத் தோட்ட நிர்வாகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். விசாரணை என்று கூப்பிட்டால் போய் இதையே சொல்வேன். என் பென்ஷன் காசில் கை வைப்பார்கள் என்று மகன் பயப்படுகிறான். வைக்கட்டும்.